நம் வீட்டு அடுப்பில் மொறுமொறு கிழங்கு வறுவல்

“ஈப்போவில் வாங்கித் தந்தீர்களே, அந்தக் கிழங்கு வறுவல் நம் வீட்டில் செய்தால் மட்டும் ஏன் தொய்ந்து போகிறது, அம்மா?” இக்கேள்வியைப் பிள்ளைகளிடமிருந்து கேளாத தாய்மார்கள் இன்று நம் தோட்டப்புறங்களில் மிகச் சிலரே. சுங்கை சிப்புட்டிலிருந்தோ, பத்து காஜாவிலிருந்தோ, தாப்பாவிலிருந்தோ பட்டணம் செல்லும் குடும்பம், துரித உணவுக் கடை ஒன்றின் வாசலைக் கடந்துதான் வரவேண்டியுள்ளது. பிள்ளைகளின் கண் அங்கே நிலைத்துவிடுகிறது. நான்கைந்து பேருக்கு வாங்கிக் கொடுத்தால், வீட்டுக்கு வேண்டிய சாமான்களுக்கென வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது.

வீட்டில் செய்து கொடுப்போம் என்று முயன்றவர்களும் நம்மிடையே உண்டு. கிழங்கை நறுக்கி, சூடான எண்ணெயில் இட்டுப் பொரித்தால், வெளியே கருகுகிறது. உள்ளே வேகாமல் நிற்கிறது. அல்லது பொன்னிறமாக எடுத்தது ஐந்தே நிமிடத்தில் துவண்டு, எண்ணெய் கசிந்து நிற்கிறது. “இதற்கு ஏதோ இயந்திரம் வேண்டும், நம்மால் ஆகாது” என்று பலர் விட்டுவிடுகின்றனர்.

உண்மை அதுவன்று. இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. முறை தெரிந்தால் போதும். அம்முறையையும் அதன் காரணத்தையும் இக்கட்டுரையில் நாம் படிப்படியாகக் காண்போம். கொதிக்கும் எண்ணெய் சிறு கவனக் குறைவையும் பொறுக்காதது. ஆகவே, பாதுகாப்பு முறைகளையும் சேர்த்தே அறிந்துகொள்வோம்.

கடை வறுவலின் கதை

நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, ரப்பர் மரம் ஆகிய மூன்றுமே தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. ரப்பர்க் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அக்காலத்தில் நடப்பட்ட மரம் ஒன்று இன்றும் அந்நகரில் பேணப்பட்டு வருகிறது. மரவள்ளி நம் லயங்களின் பின்புறம் வரை வந்து வேரூன்றியது. உருளைக்கிழங்கோ குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்புவது. நம் சமவெளிகளில் அது செழிப்பதில்லை. ஆதலால் நம் சந்தைகளில் விற்பனையாகும் உருளைக்கிழங்கில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதாகும்.

கிழங்கை நீளத் துண்டுகளாக்கிப் பொரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியது. பிரான்சா பெல்ஜியமா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனை உலகெங்கும் பரப்பியவர்கள் அமெரிக்கர்கள். ஐடஹோ மாநிலத்துக் கிழங்கு வணிகரான சிம்ப்ளாட் என்பவரின் நிறுவனம், 1940ஆம் ஆண்டுகளில், பாதி பொரித்த கிழங்கை உறைய வைத்துப் பாதுகாக்கும் முறையை வகுத்தது. 1960ஆம் ஆண்டுகளில் மெக்டோனல்ட்ஸ் கடைகள் அவ்வாறு உறைய வைத்த கிழங்கை வாங்கத் தொடங்கின. நம் நாட்டில் 1963இல் ஏ அண்ட் டபிள்யூ, 1973இல் கே.எப்.சி., 1982இல் மெக்டோனல்ட்ஸ் என இத்தகைய கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோலாலம்பூரில் திறக்கப்பட்டன. பின்னர் அவை ஈப்போ முதலிய நகரங்களுக்கும் பரவின.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய பாடம் இதுதான்: கடையின் அடுப்பில் நாம் காண்பது பாதி வேலையே. தொழிற்சாலையிலேயே கிழங்கு தோலுரிக்கப்பட்டு, நறுக்கப்பட்டு, வெந்நீரில் அரைவேக்காடாக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, ஒருமுறை எண்ணெயில் பொரிக்கப்பட்டு, உறைய வைக்கப்படுகிறது. கடையில் நடைபெறுவது இரண்டாவது பொரிப்பாகும். நாம் பச்சைக் கிழங்கை ஒரே முறை எண்ணெயில் இட்டுவிட்டு, இரண்டு முறை பொரித்த கிழங்கோடு ஒப்பிட்டு மனம் சோர்கிறோம்.

மொறுமொறுப்பு என்பது யாது?

உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. துண்டை எண்ணெயில் இட்டவுடன் குமிழிகள் எழுகின்றன அல்லவா? அவை எண்ணெயின் கொதிப்பல்ல. கிழங்கிலிருந்து வெளியேறும் நீராவியாகும். துண்டின் மேற்புறத்தில் உள்ள நீர் வெளியேறி, அங்குள்ள மாவுச்சத்து உலர்ந்து இறுகும்போது மேலோடு உண்டாகிறது. அவ்வோடு காய்ந்து நின்றால் மொறுமொறுப்பு. ஈரம் ஏறினால் துவட்சி.

ஒரே முறை கடுஞ்சூட்டில் பொரித்தால் என்ன நேர்கிறது? மேற்புறம் விரைந்து நிறம் மாறிவிடுகிறது. உள்ளே வெப்பம் சேரவில்லை. நிறத்தைக் கண்டு நாம் எடுத்துவிடுகிறோம். மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியே கசிந்து, அவ்வோட்டை நனைத்துவிடுகிறது.

இதனை நம் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ரப்பர் ஷீட்டுகளைப் புகைவீட்டில் காய வைத்த முறையை நம் பெரியோர் அறிவர். ஈரமான ஷீட்டை எடுத்த எடுப்பில் கடுஞ்சூட்டில் வைத்தால் அதில் கொப்புளங்கள் கிளம்பும், தரம் குறையும். முதலில் மிதமான சூடு, ஈரம் ஓரளவு நீங்கிய பின்னர்க் கூடுதல் சூடு என்பதே அங்கே கையாளப்பட்ட ஒழுங்கு. கிழங்குக்கும் அதே ஒழுங்குதான். மிதமான சூட்டில் முதற் பொரிப்பு உள்ளே வேக வைத்து, மேலே தடித்த ஓட்டுக்கு அடித்தளம் இடுகிறது. இடையில் ஆற விடுகிறோம். கடுஞ்சூட்டில் இரண்டாம் பொரிப்பு, அந்த ஓட்டின் ஈரத்தை விரட்டிப் பொன்னிறமாக்குகிறது.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் முறுக்கு, கடலை, பக்கோடா முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் நம்மவர் குடும்பங்கள் இருப்பதை நாடறியும். கச்சாங் பூத்தே என்று பெயர் பெற்ற அப்பண்டங்கள் டின்னில் அடைத்து வைத்தால் பல நாள் மொறுமொறுப்புக் கெடாமல் இருக்கின்றன. முறுக்கில் உள்ள ஈரம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுவதே அதற்குக் காரணம். கிழங்கு வறுவலோ உள்ளே மிருதுவாக இருக்கவேண்டிய பண்டம். அதற்குள் ஈரம் எப்பொழுதும் இருக்கும். ஆகவே அதனை டின்னில் அடைக்க இயலாது. பொரித்தவுடன் உண்ண வேண்டும். மூடி வைத்தால் அதன் நீராவியே அதனைக் கெடுத்துவிடும்.

கிழங்கைத் தெரிந்தெடுத்தல்

உருளைக்கிழங்கில் இரு வகை உண்டு. ஒரு வகை வெந்தால் மாவாக உதிரும். மற்றொன்று வெந்தாலும் வழுவழுப்பாகக் கட்டியாக நிற்கும். வறுவலுக்கு ஏற்றது முதல் வகை. அதில் மாவுச்சத்து மிகுதி, நீர் குறைவு.

கடையில் இரண்டும் கலந்து கிடந்தால் எவ்வாறு பிரித்தறிவது? பதினொரு குவளை நீரில் ஒரு குவளை உப்பைக் கரைத்துக் கிழங்குகளை அதில் இடுங்கள். மாவுச்சத்து மிக்க கனத்த கிழங்கு மூழ்கும். நீர்ச்சத்து மிக்கது மிதக்கும். மூழ்கியதை வறுவலுக்கும், மிதந்ததைக் குழம்புக்கும் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடையில் எந்தக் கிழங்கு நல்லது என்பதை அறிய ஒருமுறை இச்சோதனையைச் செய்தால் போதும்.

பச்சை நிறம் படர்ந்த கிழங்கையும், முளை மிகுந்த கிழங்கையும் தவிர்த்தல் வேண்டும். அவற்றில் சொலனைன் என்னும் நச்சுப் பொருள் கூடியிருக்கும். பொரிப்பதால் அது நீங்கிவிடுவதில்லை. பொரிப்பதற்கென வாங்கிய பச்சைக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும் வேண்டா. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகிறது. அத்தகைய கிழங்கு எண்ணெயில் இட்டவுடன் கருநிறம் கொள்ளும். காற்றோட்டமான இருட்டு மூலையே அதற்கு உகந்த இடம்.

தேவையான பொருள்கள்

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு:

உருளைக்கிழங்கு – 1 கிலோ
தண்ணீர் – 2 லிட்டர்
வினிகர் (காடி) – 2 மேசைக்கரண்டி
உப்பு – 1 மேசைக்கரண்டி. மேலே தூவச் சிறிதளவு தூள் உப்பு
செம்பனைச் சமையல் எண்ணெய் – 1 லிட்டர்

வினிகர் எதற்கு என்று கேட்கலாம். கிழங்கின் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். வெறும் நீரில் வேக வைத்தால் அது கரைந்து, துண்டுகள் உடைந்துவிடும். நீரில் சிறிது புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரைவதில்லை. துண்டு வெந்தும் உடையாமல் நிற்கும். இவ்வளவு வினிகரால் உண்ணும்போது புளிப்புத் தெரிவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலமும் புளிப்பு வாடை கொண்டதே. அது உணவுப் பொருளன்று. வாயையும் குடலையும் வெந்து போகச் செய்யும் கொடிய அமிலம். அதனைச் சமையலறைக்குள் கொண்டுவரலாகாது. தண்ணீர்ப் போத்தலிலோ வினிகர்ப் போத்தலிலோ ஊற்றி வைத்தல் கூடவே கூடாது.

செய்முறை

1. கிழங்கைத் தோல் சீவி, முக்கால் சென்டிமீட்டர் தடிப்பில் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். தடிப்பு ஒரே அளவாக இருத்தல் முக்கியம். ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால், ஒன்று வேகும் முன் மற்றொன்று கருகும்.

2. நறுக்கியதைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முதல் நீர் பால்போல் கலங்கும். அது வெட்டுவாயில் ஒட்டிய மாவுச்சத்து. அதனை நீக்காவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிறமும் திட்டுத் திட்டாக ஏறும். நீர் தெளியும் வரை அலசுதல் நன்று.

3. இரண்டு லிட்டர் நீரில் வினிகரும் உப்பும் சேர்த்துத் துண்டுகளை இட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்தபின் தீயைத் தணித்து, எட்டு முதல் பத்து நிமிடம் வேக விடுங்கள். துண்டு மிருதுவாக வேண்டும். ஆனால் கையில் எடுத்தால் முறியக் கூடாது.

4. நீரை வடித்து, துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஆவி அடங்கி, மேற்புறம் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருங்கள். இப்படியை அவசரத்தில் விட்டுவிட வேண்டா. ஈரத்தோடு எண்ணெயில் இட்டால் எண்ணெய் பொங்கித் தெறிக்கும், சூடும் குறைந்துவிடும்.

5. முதற் பொரிப்பு: ஆழமான வாணலியில் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் வாணலியின் பாதி உயரத்துக்கு மேல் இருத்தலாகாது. ஒரு துண்டை இட்டுப் பாருங்கள். அது சற்று மூழ்கி, அமைதியாகக் குமிழிவிட்டு மேலே வந்தால் சூடு ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் ஆகும்; அதுவே போதும். இரண்டு கைப்பிடி அளவு மட்டும் இட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொரியுங்கள். நிறம் மாறக் கூடாது. வெளிறிய நிலையிலேயே அரிகரண்டியால் அள்ளி வடியவிட வேண்டும்.

6. ஆற வைத்தல்: பொரித்ததை ஒரு தட்டில் பரப்பி, குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். உடனே உண்ணாவிட்டால், முழுதும் ஆறியபின் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றைக்கே பயன்படுத்தலாம். உறைபெட்டி உள்ளவர்கள் துண்டுகளைத் தட்டில் தனித்தனியாக உறைய வைத்து, பின்னர்ப் பையில் இட்டுச் சேமிக்கலாம். உறையும்போது உண்டாகும் பனித்துகள் உள்ளே சிறு வெடிப்புகளை ஏற்படுத்துவதால், பொரித்தபின் உள்ளே இன்னும் பொலபொலப்பாக இருக்கும்.

7. இரண்டாம் பொரிப்பு: எண்ணெயை நன்கு சூடேற்றுங்கள். ஒரு சிறு ரொட்டித் துண்டை இட்டால் ஒரு நிமிடத்தில் பொன்னிறமாக வேண்டும். அதுவே 180 டிகிரிக்கு மேற்பட்ட சூடு. மீண்டும் சிறிது சிறிதாக இட்டு, மூன்று நிமிட அளவில், இளம் பொன்னிறம் வந்தவுடன் எடுங்கள். உறைந்த துண்டுகளாயின் ஒட்டிய பனியை உதிர்த்துவிட்டே இடவேண்டும்.

8. எடுத்தவுடன் அரிகரண்டியில் வைத்து நன்றாக உதறுங்கள். எண்ணெய் பெரும்பாலும் உள்ளே புகுவது பொரியும்போதன்று. நீராவி வெளியேறிக்கொண்டிருக்கும் வரை அது எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிறது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆதலால் அந்த முதல் அரை நிமிட உதறலே எண்ணெய்ப் பிசுக்கைக் குறைக்கும். சூடாக இருக்கும்போதே தூள் உப்பைத் தூவுங்கள், மூடாமல் பரிமாறுங்கள்.

இம்முறை நம் வேலை நேரத்துக்கும் பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது. காலையில் மரம் சீவி, பால் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பியபின், முதல் ஆறு படிகளையும் முடித்து வைத்துவிடலாம். பிள்ளைகள் பள்ளியிலிருந்தோ மாலை விளையாட்டிலிருந்தோ வந்தபின் இரண்டாம் பொரிப்புக்குச் சில நிமிடங்களே தேவைப்படும்.

குறைகளும் காரணங்களும்

வறுவல் துவண்டுவிட்டதாயின், இரண்டாம் பொரிப்பில் எண்ணெய் போதிய சூடேறவில்லை, அல்லது ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சி இட்டுவிட்டோம் என்று பொருள். வெளியே கருகி உள்ளே வேகவில்லை என்றால், வேக வைக்கும் படியை விட்டுவிட்டோம். இனிப்புச் சுவையோடு கருநிறம் வந்தால், கிழங்கு குளிரில் இருந்திருக்கிறது. துண்டுகள் ஒட்டிக்கொண்டால், அலசியது போதவில்லை. வேகும்போதே உடைந்தால், வினிகர் குறைவு அல்லது கொதி கடுமை. முதல் தடவை தவறினால் மனந்தளராது, எந்தப் படியில் பிழை நேர்ந்தது எனக் கண்டு திருத்திக்கொள்வோமாக.

மரவள்ளியிலும் செய்யலாம்

1941ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பைத் தொடர்ந்து, 1945 வரை அரிசி கிடைக்காத காலத்தில், நம் முன்னோரின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. பஞ்சகாலத்து உணவு என்பதால் அதனை இழிவாகக் கருதுவோரும் உண்டு. ஆனால் மாவுச்சத்து மிகுந்த அக்கிழங்கு, உருளைக்கிழங்கைக் காட்டிலும் மொறுமொறுப்பாகப் பொரியக் கூடியது. வீட்டுக் கொல்லையில் விளைந்ததாயின் செலவும் இல்லை.

ஆயினும் மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. கசப்பு வகையில் அது மிகுதி. எனவே இவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். உண்பதற்கென நட்ட இனிப்பு வகையையே எடுங்கள். பறித்த இரண்டொரு நாளுக்குள் சமையுங்கள். வெளித்தோலோடு அதன் கீழுள்ள தடித்த உள்தோலையும் முழுதும் நீக்குங்கள். நீலக் கோடுகள் ஓடிய கிழங்கைத் தள்ளிவிடுங்கள். நிறைய நீரில், பாத்திரத்தை மூடாமல், நன்கு வேகும் வரை கொதிக்க வைத்து, அந்நீரைக் கொட்டிவிடுங்கள். வெந்தபின்னும் கசந்தால் உண்ண வேண்டா. பச்சையாக எண்ணெயில் இட்டுப் பொரித்தலும் ஆகாது.

வெந்த கிழங்கின் நடு நரம்பை நீக்கி, விரல் அளவு துண்டுகளாக்கி, ஈரம் உலர ஆற வைத்து, சூடான எண்ணெயில் ஒரே முறை பொரித்தால் போதும். நன்கு வேக வைத்ததே இங்கு முதற் பொரிப்பின் வேலையைச் செய்துவிடுகிறது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் சுவை கூடும்.

இங்கே நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிலிப்பீன்ஸ் நாட்டின் போஹோல் தீவிலுள்ள மாபினி என்னும் ஊரில், பள்ளிக்கருகே விற்ற மரவள்ளிப் பண்டத்தை உண்டு 27 பிள்ளைகள் மாண்டனர். மரவள்ளியின் நஞ்சே காரணம் என முதலில் கருதப்பட்டது. ஆய்ந்து பார்த்தபோது, கார்பமேட் வகைப் பூச்சிமருந்து மாவோடு மாவாகக் கலந்துவிட்டது தெரியவந்தது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கையாளும் நமக்கு இதனினும் பெரிய பாடம் வேண்டியதில்லை. அத்தகைய மருந்து எதனையும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது; சமையல் சாமான்கள் உள்ள இடத்தில் வைக்கலாகாது; பெயர்ச்சீட்டு இல்லாத வெள்ளைத் தூள் எதனையும் மாவென எண்ணிப் பயன்படுத்தலாகாது.

எண்ணெயும் நெருப்பும்

பொரிக்கும் வேளையில் அடுப்பை விட்டு அகலக் கூடாது. வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டா. சிறு பிள்ளையின் கை அதனை இழுத்துவிடும். பிள்ளைகள் அடுப்பங்கரைக்கு வெளியே நின்று பார்ப்பதே நன்று. கையருகே வாணலியை மூடும் அளவுள்ள உலோக மூடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் புகையத் தொடங்கினால் உடனே அடுப்பை அணையுங்கள். தீப்பற்றிவிட்டால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயின் அடியில் சென்று நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியெறியும். பலகைச் சுவர் வீடுகளில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. கேஸை அடைத்து, மூடியை மெல்லச் சரித்து மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முயலாதீர்கள். தீ அடங்காவிடில் எல்லாரும் வெளியேறி, 999 எண்ணுக்கு அழையுங்கள்.

எண்ணெய் மேலே பட்டுவிட்டால், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் அவ்விடத்தைக் காட்டுங்கள். மோதிரம், காப்பு முதலியவற்றை வீங்கும் முன் கழற்றுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் முதலியவற்றைப் பூசும் பழக்கம் நம்மிடையே உள்ளது. அவை சூட்டை உள்ளேயே நிறுத்திப் புண்ணைக் கெடுக்கும், பூசலாகாது. சுத்தமான துணியால் மூடி, புண் பெரிதாயினும், முகத்திலோ கையிலோ பட்டிருப்பினும், பட்டது சிறு பிள்ளையாயினும் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

பொரித்த எண்ணெயை ஆறிய பின் வடிகட்டி, மேலும் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். கருத்து, நுரைத்து, காறல் வாடை வீசினால் விட்டுவிடுங்கள். சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

வீட்டில் செய்வதன் மற்றொரு நன்மை, எதில் பொரித்தோம் என்பது நமக்குத் தெரிவதாகும். அமெரிக்காவில் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 1990 வரை மாட்டுக்கொழுப்பு மிகுந்த கலவையில் கிழங்கைப் பொரித்து வந்தது. அவ்வாண்டு தாவர எண்ணெய்க்கு மாறிய பின்னும், சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கப்படுவதை அறிந்த அங்குள்ள இந்துக்களும் சைவ உணவினரும் 2001இல் வழக்குத் தொடுத்தனர். 2002இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரி, ஒரு கோடி டாலர் வழங்க இசைந்தது. இது அந்நாட்டு நிகழ்ச்சி. நம் நாட்டுக் கடைகளைக் குறித்த குற்றச்சாட்டன்று. எனினும், உண்ணும் பொருளில் என்ன உள்ளது என்று கேட்டறியும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

நிறத்தையும் கவனித்தல் வேண்டும். மாவுப் பொருள்களைக் கடுஞ்சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்னும் தீங்கான பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். நிறம் கருக்கக் கருக்க அது கூடும். இளம் பொன்னிறத்தில் எடுத்துவிடுதலே அறிவுடைமை.

இறுதியாக அளவைப் பற்றி ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. கிழங்கு வறுவலில் மாவுச்சத்தும் எண்ணெயும் உப்பும் ஒருங்கே உள்ளன. எனவே இதனை அன்றாட உணவாக்கிக் கொள்ளாது, பிள்ளைகள் மகிழும் நாளுக்குரிய பண்டமாக வைத்துக்கொள்வோம். சோற்றோடு சேர்த்து உண்ணாமல், அதனைத் தனியே சிறிதளவு உண்பதே முறை. நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரின் சொற்படி நடத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்வோம்

மூழ்கும் கிழங்கைத் தெரிந்தெடுப்போம். நீர் தெளிய அலசுவோம். வினிகர் நீரில் வேக வைப்போம். ஈரம் உலர விடுவோம். மிதமான சூட்டில் ஒருமுறை, ஆறிய பின் மிகுந்த சூட்டில் ஒருமுறை பொரிப்போம். உடனே உதறி, உடனே பரிமாறுவோம். எரியும் எண்ணெயில் நீர் ஊற்றோம். அமிலத்தையும் பூச்சிமருந்தையும் அடுப்பங்கரையில் வையோம்.

வரும் ஓய்வு நாளில் ஒரு கிலோ கிழங்கைக் கொண்டு இதனைச் செய்து பாருங்கள். அடுத்த முறை பிள்ளை அக்கேள்வியைக் கேட்கும்போது, செய்து காட்டியே விடை கூறலாம். அப்பிள்ளை வளர்ந்து வரும்போது, ஏன் இருமுறை பொரிக்கிறோம் என்னும் காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். காரணம் அறிந்து செய்யும் பழக்கம் சமையலறைக்கு வெளியிலும் அதற்குப் பயன்படும்.